எண் போடாத வாரம்

“ஏங்க, இன்னும் எண்ணே போடாத வாரத்துக்கும் பச்சை அடிக்குதே உங்க எக்ஸெல் மேக்ரோ?” என்றேன்.

“வெறும் கட்டத்தைப் பூஜ்யம்னு நெனச்சுக்குது திலகா. புதன்கிழமை சரி பண்றேன். ரசத்துல உப்பு பத்தல, கொண்டா” என்று தட்டை நீட்டினார்.

மறுநாள் அவர் உயிர் போய்விட்டது. “கிட்னி கெட்டு மாசக்கணக்காச்சேம்மா, உங்ககிட்ட சொல்லலையா?” என்றார் டாக்டர்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நிறம்தான். வாராவாரம் தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, கிட்னி கெட்டால் ஏறும் கிரியாட்டினின் அளவை அவர் எக்ஸெல்லில் ஏற்றுவார். எண்களைப் படித்துப் பார்க்காமல் பொத்தானை நான் அழுத்துவேன். மேக்ரோ ஒவ்வொரு கட்டமாக இறங்கிப் போய், அளவு மீறியதைச் சிவப்பாக்கும், மற்றதைப் பச்சையாக்கும். ஆகஸ்டிலிருந்து எல்லாம் பச்சை. அதை நம்பித்தான் உப்பைக் கூட்டினேன்.

காரியம் முடிந்த பிறகு, அந்த வெறும் கட்டத்தையாவது சரிசெய்யலாம் என்று மேக்ரோவைத் திறந்தேன். பள்ளி அலுவலகத்தில் நானும் எக்ஸெல் பார்க்கிறவள். நான்கு வரி படிக்கத் தெரியும். 1.3-ஐத் தாண்டினால் சிவப்பு என்று நாங்கள் சேர்ந்து எழுதிய வரியில் 20 இருந்தது. கை தவறியிருக்குமோ என்று பார்த்தேன். எதை மாற்றினாலும் பக்கத்தில் தேதி குறிப்பது அவர் வழக்கம். ஆகஸ்ட் நான்கு என்று குறித்திருந்தார். அதற்குப் பிறகும் வாராவாரம் என்னைத்தான் பொத்தானை அழுத்த வைத்திருக்கிறார்.

1.3 என்று திருத்தி அழுத்தினேன். ஆகஸ்டிலிருந்து கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே இறங்கின. கடைசியில், அவர் எண் போடாமல் விட்டுப்போன வாரம் மட்டும் பச்சையாகவே இருந்தது.