இரண்டாம் நம்பர்

மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்த கையோடு, காஜா பேராங் வட்டாரத்து ரப்பர் கம்பெனி ஒன்றில் அறைக்கு அறை உள்போன் மாட்டினார்கள். மாட்டிய நல்லையா இரண்டே வாரத்தில் திரும்ப வரவேண்டியதாயிற்று. மாடியில் கணக்கெழுதும் கிராணி மருதமுத்து மட்டும் போனைத் தொடவே இல்லையாம்.

“ஏன் ஐயா, போன் பழுதா?”

“அதெல்லாம் இல்ல தம்பி.”

“பின்னே ஏன் ஒவ்வொரு கடிதத்துக்கும் முட்டி வலியோட கீழ இறங்கி, டைப்பிஸ்ட் சந்திரமதிகிட்ட போய் நிக்கிறீங்க? இங்கிருந்தே சொன்னா அடிச்சிடுவாங்களே. மானேஜர் என்னை ஏசுறாரு.”

“நடந்தே பழகிட்டேன்.”

“எனக்காக ஒரே ஒரு தடவை.” நல்லையாவே சந்திரமதியின் இரண்டாம் நம்பரை அமுக்கி, ரிசீவரை அவர் கையில் கொடுத்தான்.

“யாரு?” என்றது பெண்குரல்.

“மருதமுத்து... மாடியிலேருந்து.”

எதிர்முனையில் பேச்சில்லை.

மருதமுத்து ரிசீவரை வாயருகிலேயே வைத்துக்கொண்டு நல்லையாவிடம் முணுமுணுத்தார். “பார்த்தியா? நேர்ல போனாலும் அவ பேசமாட்டா. குனிஞ்சபடியே தாளை வாங்கிக்குவா. ஆனா அந்த முகத்தைப் பார்த்துட்டாவது வரலாம். இதுல அதுவும் போச்சு.”

இந்த வயதில் இப்படியா என்று நல்லையா கூசிப்போய்த் திரும்பிக்கொண்டான்.

ரிசீவரில் ஒரு விசும்பல் கேட்டது.

“மாப்பிள்ளை வீடு மலாய் பேசுற சிட்டிக் குடும்பம்னு என் கல்யாணத்துக்குத்தான் வரல. பக்கத்துத் தெருதானே, பேரனைப் பார்க்கவாவது வரக்கூடாதாப்பா?”

மருதமுத்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.