சாட்சிக்கு இரண்டு பேர்

எதிர்வீட்டு வசுமதியின் கணவர் மேல் ஏதோ வழக்காம். மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் வீட்டைச் சோதனை போட வந்துவிட்டார்கள். தொடங்கத்தான் முடியவில்லை. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சியாக உடன் நிற்க வேண்டுமாம். கேட்டதும் மேல்மாடி தேவசகாயம் சாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஹேமலதா குளிக்கப் போனவள் வெளியே வரவேயில்லை. கையெழுத்துப் போட்டால் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்ப்பதில் அந்தத் தொல்லை கிடையாது.

“இத்தனை பேர் எட்டி எட்டிப் பாக்குறீங்க, ரெண்டு பேர் உள்ள வந்து பாக்கக் கூடாதா?” என்று படிக்கட்டில் நின்று அதிகாரி கத்தினார். ஜன்னல்கள் மூடிக்கொண்டன.

நாலு மணிக்கு வசுமதியின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். சோதனை முடியாமல் வாசலில் நிற்கும் ஜீப் நகராது. சாட்சி வராமல் சோதனை தொடங்காது.

பொறுத்துப் பார்த்த வசுமதி, பட்டுப்புடவையோடு வந்து ஹேமலதாவின் கதவைத் தட்டினாள்.

“அக்கா, எங்க பீரோவுல எத்தனை கிலோ தங்கம் இருக்குன்னு தெருவுக்கே சொன்னீங்கல்ல? தயவுசெஞ்சு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க.”

கதவு திறந்தது. ஹேமலதா செருப்பை மாட்டினாள்.

“இன்னொருத்தர்?” என்றார் அதிகாரி.

ஹேமலதா கையை நீட்டி என் கதவைக் காட்டினாள்.