மூஞ்சி தெரியணும்

அந்த ஆள் மறுபடியும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழில்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு ஓரம், நடுத் தண்ணீரில் படகு நின்றது. படகில் இரண்டே பேர். மயிலாடுதுறையிலிருந்து மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் எழில்மொழி ஒரு பக்கம், அவள் அப்பா வயதுள்ள டெக்னீஷியன் ரெமிஜியஸ் எதிர்ப்பக்கம். நடுவில் அந்தக் கருமம் பிடித்த குழாய்.

தண்ணீருக்கடியில் கிடந்து மீன்கள் போடும் சத்தத்தைப் பதிவு செய்யும் கருவி அது. பேட்டரி மாற்ற மேலே தூக்கினால் உடம்பெல்லாம் பாசியும் சிப்பியும் வழவழப்பும். ஆனால் அதைக்கூடத் தொட்டுவிடலாம், இந்த ஆளோடு ஒரு படகில் உட்கார முடியாது என்றிருந்தது அவளுக்கு.

சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாத ஜென்மம். நேற்று ஊசிப்போன சாம்பார் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் அள்ளிப் போட்டுக்கொண்டார். படகின் அடியில் கெளுத்தி மீன் ஒன்று செத்து நாறிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே காலை நீட்டிக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிறார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பார்வையைத்தான் பொறுக்க முடியவில்லை. குழாயைக் கையில் எடுத்துவிட்டால் போதும், கண் குழாயில் நிற்காது. அவள் மூஞ்சியில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்றைக்கு அதற்கும் ஒரு வழி செய்துகொண்டுதான் வந்திருந்தாள். தைலம் தடவிய கைக்குட்டையை மூக்கில் வைத்து, அதன் மேல் துப்பட்டாவைக் கண் வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தாள். நாற்றத்துக்கும் ஆச்சு, அந்தக் கண்ணுக்கும் ஆச்சு.

ரெமிஜியஸ் குழாயைத் துடைத்தார். திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"துணிய எடுங்கம்மா."

"எதுக்கு சார்?"

"மூடியத் திறக்கணும்ல."

"திறங்க. என் துணிக்கும் உங்க மூடிக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் துப்பட்டாவைக் காட்டினார். "மூஞ்சி தெரியணும்மா."

ச்சீ என்றிருந்தது அவளுக்கு. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"உங்களுக்கு வெக்கமா இல்ல? உங்க பொண்ணு வயசு எனக்கு. கரை ஏறுனதும் டைரக்டர்கிட்ட சொல்றேன். நாளைலேருந்து நீங்க இந்தப் படகுல ஏற மாட்டீங்க."

மனிதர் முகம் வெளுத்துப்போனது. "அப்படிச் செஞ்சிடாதீங்கம்மா. இந்த வேலைய விட்டா எனக்கு வேற பொழப்புத் தெரியாது."

"அது மூஞ்சிய வெறிக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, குழாயின் ஓரத்திலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தினார். உஸ்ஸென்று சத்தம் வந்தது.

மூடியைத் திறக்கும் முன் அந்தத் திருகைத்தான் தளர்த்த வேண்டும் என்று பயிற்சியிலேயே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் இறங்கி பேட்டரி கெட்டிருந்தால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும், முதலில் அது வெளியேற வேண்டும். கூடவே நெடி வந்தால் மட்டும் மூடியில் கை வைக்கவே கூடாது, வெடித்து ஆளையே அடித்துவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

ரெமிஜியஸின் கை மூடிக்குப் போனது. கண் பழையபடி அவளிடம் வந்தது. துப்பட்டாவைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி மூடியைத் திருக ஆரம்பித்தார்.

இவ்வளவு சொல்லியும் பார்க்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காறித் துப்பினால்தான் மனசு ஆறும் போலிருந்தது. துப்பட்டாவையும் கைக்குட்டையையும் சேர்த்துக் கீழே இழுத்தாள்.

துப்ப முடியவில்லை. பட்டாசுக் கடை எரிந்த மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறி, தொண்டையைப் பிடித்தது. அவள் மூஞ்சி கோணிக்கொண்டு போனது.

அவ்வளவுதான். ரெமிஜியஸ் மூடியிலிருந்து கையை எடுத்தார். குழாயின் வாயைக் காலால் தண்ணீர்ப் பக்கம் தள்ளிவிட்டு, அவள் தோளைப் பிடித்து அழுத்திப் படகின் அடியில் சாய்த்தார்.

டப்பென்று வெடித்தது. மூடி பறந்துபோய் அலையாத்திக்குள் எங்கோ விழுந்தது. குழாயிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது.

எழில்மொழியின் கன்னம் அந்தச் செத்த கெளுத்தியின் மேல் கிடந்தது. காற்று புகையைக் கொண்டுபோகும் வரைக்கும் அதைத் தள்ளிவிடக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

பிறகு எழுந்து உட்கார்ந்து, கன்னத்தைத் துடைத்துத் துடைத்து, இருமி முடித்தாள்.

"தொண்டையே எரியுது. இவ்ளோ நெடி அடிக்கிறப்ப மூடியத் திருகுறீங்களே, உங்களுக்கு மூக்குல ஏறவே இல்லையா?"

ரெமிஜியஸ் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொரோனாவோட போச்சும்மா. எந்த வாடையும் தெரியாது. ஆபீஸ்ல சொன்னா படகுல ஏத்த மாட்டாங்க."

"அப்ப இத்தன நாளா எந்தத் தைரியத்துல மூடியத் திறந்தீங்க?"

அவர் நிமிர்ந்தார். வழக்கம்போல அவளையே பார்த்தார்.

"உங்க மூஞ்சிதாம்மா எனக்கு மூக்கு."