மோப்பம்

கணவன் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

“அசையாம நில்லுங்க.”

சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தாள். கை விரல்களையும் விட்டுவைக்கவில்லை. அவள் முகம் சுருங்கியது.

“இன்னிக்கு ஆபீஸ் மொட்டைமாடிக்குப் போனீங்களா?”

“போகவே இல்லம்மா.”

“அங்க சிகரெட் பிடிக்கிற கும்பல் கூப்பிட்டிருக்குமே?”

“கூப்பிட்டாங்க. முடியாதுன்னுட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டேன். புகை கொஞ்சங்கூட என் மேல படல. சத்தியமா!”

அவள் கண்கள் கலங்கின. தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தாள்.

“என்ன மனுஷன் நீங்க! கொஞ்ச நேரம் அவங்க பக்கத்துல நின்னுட்டு வந்தா குறைஞ்சா போயிடுவீங்க? நான் சிகரெட்டை விட்டதிலிருந்து உங்க சட்டை வாசனையிலதானே காலத்தை ஓட்டிக்கிட்டிருக்கேன்!”

பிறந்ததிலிருந்து சிகரெட்டைத் தொட்டே பார்க்காத கணவன் திருதிருவென்று விழித்தான். தனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதோ என்று அவள் சந்தேகப்படுவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்து எழுப்பினான்.

“வா, சிகரெட் விக்கிற கடையே இல்லாத தெருவாப் பார்த்து நடந்துட்டு வருவோம்.”

“அப்படி ஒரு தெரு எங்கங்க இருக்கு?”

“தேடுவோம். அது கிடைக்கிறதுக்குள்ள உன் ஆசை அடங்கிடும்.”