மகளுக்குக் காய்ச்சல்

“நிலாவுக்குத் தொத்திக்கிற காய்ச்சல் அத்தை. இன்னிக்கு வூட்டுக்கு வர வேணாம், காலையில பாத்துக்கலாம்.”

மருமகன் கோபிநாத் போனில் இப்படிச் சொல்லிவிட்டதால், மகளைப் பார்க்கத் தெள்ளாரிலிருந்து வந்த சக்கரவர்த்தியும் ரேணுகாதேவியும் ஆரணியில் புதிதாகத் திறந்திருந்த ஹோட்டலில் ரூம் எடுத்தார்கள்.

வால்வு ரேடியோ, பிரம்பு நாற்காலி, தேக்குக் கட்டில் என்று அறை முழுக்க அறுபது வருஷத்துப் பழசு.

“எல்லாம் ஒரிஜினலுங்க. இந்தக் கட்டில் போன மாசம்தான் இதே ஊர்ல ஒரு வூட்லருந்து வந்தது” என்றார் மேனேஜர்.

அவர் போன பிறகும் ரேணுகாதேவி கட்டிலின் தலைமாட்டில் கை வைத்தபடியே நின்றாள்.

“என்னத்த பாத்துகினு நிக்கற? வா, சாப்டுட்டு வரலாம்” என்றார் சக்கரவர்த்தி.

அவள் மருமகனைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

“நிலா என்ன பண்றா மாப்ளே?”

“மாத்திரை போட்டுகினு இப்பதான் தூங்கறா அத்தை. நீங்க சீர் குடுத்த உங்க வூட்டுப் பழைய கட்டில்லதான். அதுல படுத்தாதான் அவளுக்குத் தூக்கமே வருது.”

ரேணுகாதேவி தலைமாட்டிலிருந்து கையை எடுத்தாள். மகள் சின்ன வயதில் ஆணியால் கீறிவைத்த ‘நிலா’ அங்கே அப்படியே இருந்தது.