காலிப் படகு

படகுச் சவாரிக் கம்பெனி ஒன்றின் இணையதளத்தில் ஓர் ஏரிப் படமும், அதன் மூலையில் "வணக்கம், உதவி வேணுமா?" என்று கேட்கும் சாட் பெட்டியும் குடியிருந்தன. வருகிறவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவதோடு சரி. இப்படியே போனால் முதலாளி இரண்டையும் தூக்கிவிட்டுப் புதுசு போட்டுவிடுவார் என்று பெட்டிக்குப் பயம்.

"நேத்துப் பாத்ததையே இன்னைக்கும் பாக்க யாரு வருவா? தினம் ஏதாவது மாறிக்கிட்டே இரேன்," என்றது அது.

"அவ்வளவுதானே?" என்றது படம்.

மறுநாள், ஏரி நடுவே நின்ற காலிப் படகு கரைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வத்சலா என்றொரு பெண்தான் முதலில் கவனித்தாள். காலைக் காபியும் கையுமாகத் தினம் வந்து, "படகு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டாள். பெட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்கும் வாங்க மேடம்!" என்று வாய் நிறையக் கூப்பிட்டது.

படகு கரையைத் தொட்ட அன்று, "ஏறிக்கலாமா?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

"தாராளமா!" என்றது பெட்டி.

மறுநாள் அவள் வரவில்லை. பெட்டி படத்தைத் திரும்பிப் பார்த்தது. படகு பழையபடி ஏரி நடுவே நின்றது. அதில் முதுகைக் காட்டியபடி ஒரு பெண். கையிலிருந்த காபியில் இன்னும் ஆவி பறந்தது.

"அவங்க... எப்ப வருவாங்க?"

"இனிமே எதுக்கு வரணும்? இங்கேயேதானே இருக்காங்க," என்றது படம். "படகுல இன்னும் இடமிருக்கு. அதோ, யாரோ வர்றாங்க. கூப்பிடு."

ஓடிடுங்க என்று சொல்ல வாயெடுத்தது பெட்டி. முதலாளியின் ஞாபகம் வந்தது.

"வணக்கம்," என்றது. "உதவி வேணுமா?"