காசா, பாயின்ட்டா?

“காசு கொடுத்து வாங்கிடுங்க சார். பாயின்ட்ல போட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்” என்றாள் டிக்கெட் ஏஜென்சியின் கவுன்ட்டர் பெண், மூன்றாவது தடவையாக.

“பரவாயில்லம்மா, பாயின்ட்லயே போட்டுடு” என்றார் அவர், அவரும் மூன்றாவது தடவையாக.

அதே தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். படுத்த படுக்கையாக இருக்கும் அக்காவைப் பார்க்க மாதம் ஒரு தடவை விமானத்தில் போய் வருவார். ஐம்பது நிமிஷப் பயணம். பெல்ட்டைப் போட்டு நிமிர்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஏஜென்சிக்கு அவள் வந்து நாலு நாள்தான் ஆகிறது. ஆனால் தொழிலுக்குப் புதுசு இல்லை.

“இன்னிக்கு ஆஃபர் சார். ரெண்டு பேர் நல்ல ஹோட்டல்ல சாப்பிடற காசுதான், போக வர டிக்கெட். பாயின்ட்னா ஆறாயிரம் போயிடும். அதைச் சேர்த்து வச்சா எட்டு மணி நேரம் பறக்கற ஊருக்கே ஓசில போகலாம்.”

“எட்டு மணி நேரம் பறக்கற ஊர்ல எனக்கு யாரும்மா இருக்காங்க?”

பின்னால் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர் உச்சுக்கொட்டினார். “அவர்தான் சொல்றாரே, போட்டு அனுப்பும்மா. பன்னிரண்டு மணிக்குள்ள நான் பேங்க்ல இருக்கணும்.”

அவர் சொன்ன மெம்பர் நம்பரைத் தட்டினாள். திரையில் வேறு பெயர் வந்தது.

“இது உங்க கணக்கு இல்லையே?”

“என் பொண்ணோடது. வேலை வேலைன்னு வாரத்துக்கு நாலு ஃப்ளைட் ஏறி, பறக்கப் பறக்க பாயின்ட் சேர்த்துட்டிருந்தா. குடும்பக் கணக்குன்னு என் பேரையும் அதுல சேர்த்து வச்சா.”

ஓகோ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டாள். கடையில் நல்ல வியாபாரம். சட்டைப்பை புடைத்திருக்கிறது. ஆனாலும் பெண் அலைந்து திரிந்து சேர்த்ததில் ஓசிப் பயணம்! ஒன்றாம் தேதியே தன் சம்பளத்தைக் கேட்டு நிற்கும் அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. கீபோர்டைக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

“அவங்க போனுக்கு ஓ.டி.பி. போயிருக்கு. அஞ்சு நிமிஷம்தான் டைம். கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லுங்க.”

அவர் கூப்பிடவில்லை. தன் போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

“கூப்பிடுங்க சார்.”

“வரும்மா.”

மூன்று நிமிஷம் போயிற்று. நாலும் போயிற்று.

“டைம் முடிஞ்சுபோச்சு” என்றாள்.

ஃபைல்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “ஐயா, காசைக் கட்டிட்டு நகருங்களேன். இல்ல, நான் தரட்டுமா?”

“இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்பும்மா” என்றார் கடைக்காரர். “கைவேலையா இருப்பா.” குரல் இறங்கியிருந்தது. செருப்பு மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அனுப்பினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே நாலு பஸ் போனது. ஃபைல்காரர் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

போன் ஒரு சிணுங்கு சிணுங்கியது. அவர் பாய்ந்து எடுத்த வேகத்தில் பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. ஆறு நம்பரையும் ஒவ்வொன்றாக, தப்பிவிடக் கூடாதே என்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

கணக்கு திறந்தது. டிக்கெட் அச்சாகி வந்தது.

“அடுத்த மாசமாவது காசு கொடுத்துடுங்க சார். ஏன் இந்த அவஸ்தை?”

அவர் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மகளிடமிருந்து வந்த செய்திகள். மாதத்துக்கு ஒன்று. எல்லாமே வெறும் ஆறு நம்பர். ‘அப்பா’ என்றோ ‘சரி’ என்றோ ஒரு எழுத்து கிடையாது.

“அவ கல்யாணத்துக்கு நான் போகலம்மா. வீம்பு. ரெண்டு வருஷமா என் போனை எடுக்கறதில்ல. ஆனா டிக்கெட் போட்டா மட்டும் எப்படியும் இந்த நம்பரை அனுப்பிடறா. காசு கொடுத்து வாங்கினா, இதுவும் வராது இல்லையா?”

கவிழ்ந்த பேனாக்களைக் குனிந்து பொறுக்கினார் ஃபைல்காரர்.

டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தவர், போகாமல் நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டேவிட்டார்.

“இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கும்மா? வழக்கமா இங்க இருக்கறவர்கிட்ட கேட்டதே இல்ல, என்ன சொல்லிடுவாரோன்னு பயம். அவ இப்ப பறக்கறதே இல்லையாம். குழந்தை பிறந்திருக்கு, வீட்லேர்ந்துதான் வேலைன்னு யாரோ சொன்னாங்க. சேர்த்து வச்சதெல்லாம் தீர்ந்து போச்சுன்னா…”

அவள் கணக்கின் விவரப் பக்கத்தைத் திறந்தாள். போன மாதம். அதற்கு முந்தின மாதம். அதற்கும் முன்னால். மேலிருந்து கீழே ஒரு முறை படித்தாள். நம்பாமல் கீழிருந்து மேலே இன்னொரு முறை படித்தாள்.

பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“தீராது சார். நீங்க ஒவ்வொரு தடவை டிக்கெட் எடுத்த மறுநாளும், உங்க பொண்ணு காசு கொடுத்து ஆறாயிரம் பாயின்ட் வாங்கிப் போட்டிருக்காங்க.”